பட்டப்பையன் வந்தாச்சு

கம்பெனியின் முதல் சின்னத்தில் கரும்புக்கு நிழல் இல்லை. பையனுக்கு மட்டும் இருந்தது.

யானினா அதைப் பழைய ஃபிலிமில் ஒட்டிய அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தாள். கறுப்பு வெள்ளைப் படம், கரும்புக் காட்டுக்கு நடுவே ஒரு வெள்ளை மண்சாலை, உச்சி வெயில். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற கரும்பு தன் நிழலைக் காலடியிலேயே சுருட்டி வைத்திருந்தது. அந்த நேரத்தில் எந்த நிழலும் அப்படித்தான் இருக்கும். சாலை போய் முடிகிற இடத்தில் ஒரு பொட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் அகலத் தொப்பி வைத்த சின்னப் பையன், கக்கத்தில் பட்டம் மாதிரி எதையோ இடுக்கிக்கொண்டு நின்றான். அவன் காலிலிருந்து மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று சாலையின் நடுவாக, படம் பார்ப்பவரை நோக்கி நீண்டு வந்தது. கணினியில் அழிப்பானை எடுத்து அதை அழித்தாள். அடுத்த பிரேமில் அது இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தது. "சனியன்" என்று முணுமுணுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள்.

'பட்டம்' கம்பெனிக்கு அந்த வாரம் ஆண்டு விழா. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளைத் தவிர வேறு எதையும் எடுக்காத கம்பெனி அது. கடைசியில் ஒரு சின்னப் பாட்டோடு திரையில் வருகிற அதன் சின்னம் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருந்தது. "எல்லாத்தையும் வரிசையா கோத்துக் குடு யானி. நம்ம லோகோ எப்படி வளர்ந்துச்சுன்னு ஜனங்க பாக்கட்டும். பாத்துட்டு நாலு பேராவது அழணும்" என்று முதலாளி ஊகோ சொல்லியிருந்தார். அவருக்கு எதிலும் யாராவது அழ வேண்டும்.

வேலை வீட்டிலேயேதான். மதியம் தின்ற தட்டுகளைச் சாப்பாட்டு மேசையின் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கணினியைத் திறந்திருந்தாள். அக்டோபர் மாதத்து வடகாற்று ஊர் மேல் அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி வீசிக்கொண்டிருந்தது. ஜன்னல் பலகைகளை இறக்கி, கதவுக்குத் தாழ் போட்டு, அறைகளை இருட்டாக்கி வைத்திருந்தும் பலகை இடுக்குகள் வழியாக எரிந்த கரும்புத் தோகையின் கரி பறந்து வந்து மேசைவிரிப்பிலும் அவள் முழங்கையிலும் உட்கார்ந்தது, தொட்டால் பொடிந்து மசியானது, அதோடு சேர்ந்து வந்த சர்க்கரை ஆலையின் வாடை, ஊரில் யாருக்குமே உறைக்காத அந்தப் புளித்த பாகு வாடை, இன்றைக்கு மட்டும் ஏனோ தொண்டையில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. பக்கத்து அறையில் மகள் டெல்ஃபினா தரையில் தலையணை போட்டுப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தை அவளே குறைத்து வைத்திருந்தாள். லூலெஸ் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்த ஊர் செத்துப்போகும். கடைகளைச் சாத்துவார்கள், பேருந்து ஓட்டுநர் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு அதிலேயே சாய்வார், பெரியவர்கள் கட்டிலில் விழுவார்கள். பிள்ளைகள்தான் தூங்காது. தூங்காத பிள்ளையை வெளியே விட்டால் வெயில், நாய், கால்வாய், எல்லாவற்றுக்கும் மேலே கரும்பு. உள்ளே போன பிள்ளைக்கு நாலு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த நேரத்துக்கென்றே 'பட்டம்' நிகழ்ச்சிகள் வந்தன, அவற்றோடு மாகாணம் முழுக்க ஒரே சட்டமும் வந்தது: "பட்டம் வரட்டும், அப்புறம் கதவத் தொற." கடைசி நிகழ்ச்சி முடிந்து சின்னமும் பாட்டும் வந்ததோ இல்லையோ, "பட்டப்பையன் வந்தாச்சு!" என்ற கூச்சலும் தாழ்ப்பாள்கள் விலகும் சத்தமும் தெரு முழுக்கக் கேட்கும், சைக்கிளும் பந்துமாகப் பிள்ளைகள் கொட்டும். அந்தச் சத்தத்தில்தான் பெரியவர்கள் எழுந்து மாத்தே இலைத் தேநீர் குடிக்க வெந்நீர் வைப்பார்கள். யானினாவும் அப்படி வளர்ந்தவள்தான். அம்மா பேச்சை மீறிய நாள் எத்தனையோ உண்டு, பட்டத்தை மீறிய நாள் ஒன்றுகூட இல்லை.

"மா, உன்னுது எப்ப வரும்?" என்று பக்கத்து அறையிலிருந்து டெல்ஃபினா கேட்டாள்.

"எப்பவும் போல கடைசியிலதான் கண்ணு."

"வந்ததும் நான் வெளிய போலாமா?"

"தொப்பி போட்டுக்கிட்டுப் போ."

"அவன மாதிரியா?"

"எவன மாதிரி?"

"பட்டப்பையன்."

யானினாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும்விட்டது. டெல்ஃபினா பிறப்பதற்கு முன்பே சின்னத்திலிருந்து பையன் போய்விட்டான். பெயர் மட்டும்தான் தெருப் பிள்ளைகளின் வாயில் மிச்சம். இப்போது ஓடுகிற சின்னத்தில் இருப்பது மேலே ஒரு மஞ்சள் வளைவு, அதற்குக் கீழே ஒரு கரிய வட்டம், அவ்வளவுதான். வளைவு சூரியனாம், வட்டம் நூல்கண்டாம். தொப்பியைப் பற்றி இவளுக்கு யார் சொன்னது? நான் வேலை செய்யும்போது தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருப்பாள், கள்ளி, என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

'உன்னுது' என்று மகள் சொன்னது புதிய சின்னத்தை. இன்றைக்குத்தான் முதல் ஒளிபரப்பு. தனியாகப் பிள்ளையை வளர்க்கிற ஒருத்திக்கு மாகாணமே பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டோம் என்ற பெருமை சாதாரணமா என்ன? கம்பெனியில் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. புதிய சின்னத்தின் முதல் பிரேம், பழைய சின்னத்தின் கடைசி பிரேமாகவே இருக்க வேண்டும். அதை அச்செடுத்து, விளக்குப் பலகையில் வைத்து, அதன் மேலேயே தாள் போட்டுக் கையால் வரைய வேண்டும். பிள்ளைகள் மிரளக் கூடாது, மாறியதே தெரியாமல் மாற வேண்டும் என்று ஊகோவின் அப்பா வைத்த சட்டம் அது. கணினி வந்த பிறகும் யாரும் அதைத் தொடவில்லை. அவளும் அப்படியே மேலே தாள் வைத்து வரைந்தாள். வளைவும் வட்டமும் வந்தன. அதற்கப்புறம் கை நிற்கவில்லை. தாளுக்கு மேல் தாளாக வளைவு மெல்ல உயர்ந்து திரைக்கு மேலே போனது, வட்டம் பெருத்துப் பெருத்துத் திரையை இருட்டாக்கிவிட்டு விலகியது, அதற்குப் பின்னால் வெயில் காய்கிற வெள்ளைச் சாலை ஒன்று துல்லியமாக நின்றது. மாத்தே ஆறிப்போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. "அடேயப்பா! குப்பையெல்லாம் போயி எவ்ளோ சுத்தமா இருக்கு!" என்றார் ஊகோ. அவர் கண்கூடக் கலங்கியது.

இப்போது விழாப் படத்துக்காகப் பழைய சின்னங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தாள். ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே பிரேம் என்பதால் ஒட்டுவது சுலபம். பெயர் எழுத்துகளை நீக்கினாள். வண்ணத்தை எல்லாவற்றிலும் ஒன்றாக்கினாள். ஓடவிட்டாள்.

வெட்டே தெரியவில்லை.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் சாலைக் கோடியில் பொட்டாக இருந்த பையன் நடந்தான். வண்ணம் வந்த காலத்தில் கையால் தீட்டிய சின்னத்தில் பாதிச் சாலையைக் கடந்திருந்தான். கணினி வந்த புதிதில் செய்ததில் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தான். காலை எடுத்தது சிக்கனமாக இருக்கத்தான் என்று கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். காலை யாரும் எடுக்கவில்லை. கால் திரையில் கொள்ளாத தூரத்துக்கு அவன் வந்திருந்தான். அதற்கடுத்ததில் தொப்பி மட்டும், விளிம்பு முகத்தை மறைத்தபடி. சின்னம் எளிமையாகிக்கொண்டே வந்தது என்று பெருமையாகச் சொல்லப்பட்ட கதை முழுக்க ஒரே நடை, வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் வரைந்த, ஒரு முறைகூட நிற்காத நடை. அந்த மஞ்சள் வளைவு சூரியன் இல்லை. தொப்பி விளிம்பின் அடிப்பக்கம்.

வட்டம் என்ன என்று யோசிக்க அவள் விரும்பவில்லை. எழுந்து போய்ப் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. டெல்ஃபினா குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பி வந்து கைபேசியை எடுத்தாள்.

தீத்தோ கம்பெனியின் ஒலிக்காரன். மதியங்களில் நகரத்துச் சேனலில் உட்கார்ந்து நிகழ்ச்சிகளை ஒன்றன் பின் ஒன்றாக ஓடவிடுவதும் அவன்தான்.

"குண்டா, முழிச்சிருக்கியா?"

"இந்த மாகாணத்துல இப்ப முழிச்சிருக்கற ரெண்டு கிறுக்குல ஒண்ணு நானு. இன்னொண்ணு நீ. சொல்லு ஒல்லி."

"முதல் லோகோவுல அந்தப் பையன் யாரு?"

"யாருமே இல்ல. ஊகோவோட அப்பா காலி ரோட்டத்தான் எடுக்கச் சொன்னாராம். ஃபிலிமக் கழுவிப் பாத்தா தூரத்துல ஒரு பொடியன். நல்லாத்தான இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னு வெச்சுக்கிட்டாங்க. அவன் கையில இருக்கறது பட்டம்தானான்னுகூட எவனுக்கும் தெரியாது. பட்டம் மாதிரி இருக்கேன்னு கம்பெனிக்கே அந்தப் பேர வெச்சாங்க."

"அவனக் கிட்ட கொண்டு வரச் சொன்னது யாரு?"

"என்னது?"

"ஒவ்வொரு தடவையும் கிட்ட வர்றான் தீத்தோ. யாரு சொன்னது அப்படி வரையச் சொல்லி?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "வெயில்ல போய் நின்னியா? யாரும் சொல்லல. வரையறவங்க இஷ்டம்... மாபெலக் கேளு. இப்ப ஓடுறது அவ வரைஞ்சதுதான். நம்பர் அனுப்பறேன், ஆனா பேசுவாளான்னு தெரியாது. குடுத்த மறுநாளே தன் பையனத் தூக்கிக்கிட்டு சால்டா ஊருக்குப் போயிட்டா. வீட்டுல டிவியே கெடையாதாம். கேளு, டிவிக்குப் படம் போட்டுச் சம்பாதிச்சவ வீட்டுல டிவி கெடையாது!"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாபெல் முதல் மணியிலேயே எடுத்தாள். தூக்கக் குரல் இல்லை.

"பட்டம் கம்பெனியிலேருந்து பேசறேன், என் பேரு யானினா. உங்களத் தொந்தரவு பண்றதுக்கு..."

"அடுத்தத வரைஞ்சாச்சா?"

"ஆச்சு."

"அய்யோ" என்றாள் மாபெல். சத்தமே போடாமல், பால் பொங்கி வழிந்ததைப் பார்த்தவள் சொல்கிற மாதிரி. "பிள்ள இருக்கா உனக்கு?"

"ஒரு பொண்ணு. மாபெல், நீங்க வரைஞ்சதுல அந்த வட்டம்..."

"அது வட்டம் இல்லம்மா. கண்ணு. தாள்ல மூஞ்சி முழுசா வந்துச்சு. நான் வரையல, பென்சில் வரைஞ்சுது. என் பையன் பக்கத்துல நின்னு அதப் பாத்தான். பாத்துட்டு, 'இவன் என்னக் கூப்பிடறாம்மா'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி கதவத் தொறந்தான். உச்சி வெயில்ல. கரும்பு ஓரத்துல போயித்தான் அவனப் புடிச்சேன். அன்னிக்கே மூஞ்சிய வெட்டிட்டு ஒரு கண்ண மட்டும், அதுலயும் வெறும் கறுப்ப மட்டும் குடுத்தேன். நவீனமா இருக்குன்னு எல்லாரும் கை தட்டுனாங்க."

யானினாவுக்கு முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. ஆனால் பயத்தோடு ஒரு நிம்மதியும் கூடவே வந்தது, அதை அவசரமாகச் சொன்னாள்: "என்னுதுல அவன் இல்லவே இல்ல. வெறும் ரோடு. காலி ரோடு."

"காலியா?"

"காலி. யாருமே இல்ல."

"அப்ப அவன் எங்கம்மா?"

பலகை இடுக்கு வழியாகக் கரித்துகள் ஒன்று உள்ளே வந்து கணினித் திரையின் மேல் உட்கார்ந்தது. யானினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவு உயர்ந்து திரைக்கு மேலே போனது. வட்டம் பெருத்து விலகியது. எவ்வளவு அழகாக வருகிறது என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தது அவன் திரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததைத்தான்.

"எப்பக் காட்டறாங்க?" என்றாள் மாபெல்.

"இன்னிக்கு. எல்லாம் முடிஞ்சு, கடைசியில."

"நிறுத்து. என்ன பண்ணுவியோ தெரியாது, நிறுத்து. அது வந்தாக்கா பிள்ளைங்க கதவத் தொறக்கும். நாமதான சொல்லிக் குடுத்து வெச்சிருக்கோம்."

ஊகோவின் கைபேசி அணைந்திருந்தது. வீட்டுத் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த நேரத்தில் எடுக்கிற வீடு எது? கடைசி நிகழ்ச்சிக்கு இன்னும் வெகுநேரம் இருக்கிறது, பதற வேண்டாம், தீத்தோ கையில்தான் பொத்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவனை அழைத்தாள். விரல் வழுக்கியது.

"குண்டா, என் லோகோவப் போடாத. பழசயே போடு. ஏன்னு கேக்காத."

"போடாதயா? அடிப் பாவி, ஊகோ காலைலயே மாத்திட்டாரே. விழா வாரம், கடைசி வரைக்கும் காத்திருப்பானேன், ஒவ்வொரு கார்ட்டூன் முடிஞ்சதும் போடுன்னாரு. நீ திடீர்னு பாத்துச் சந்தோஷப்படணும்னுதான் நான் வாயத் தொறக்கல."

"தீத்தோ."

"இதோ, போயிட்டிருக்கு. பாரு, பாரு, கண்ணுல ஒத்திக்கலாம்..."

சுவருக்கு அப்பால் அந்தப் பாட்டு கேட்டது.

அவள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற பாட்டு. இதைக் கேட்டதும் உடம்பு தானாகவே எழுந்து நிற்கும், அவளுக்கே இப்போதும் கால் கதவுப் பக்கம் திரும்பியது. பாட்டு முடிந்தது. அதற்குப் பிறகு அடுத்த கார்ட்டூனின் கும்மாளம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைபேசியில் தீத்தோ, "ஏய், இது ஏன் நிக்குது? ரோடு அப்படியே நிக்குது, அடுத்தது போகமாட்டேங்குதே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் டிவியின் லேசான இரைச்சல். அதற்குள், நிதானமாக, தரையோட்டின் மேல் வெறுங்கால் நடக்கிற சத்தம்.

ஒரு ஜோடிக் கால் மட்டும் அல்ல.

நாற்காலி கவிழ்ந்தது. அவள் ஓடினாள்.

திரையில் வெள்ளைச் சாலை அசையாமல் நின்றது. தலையணை தரையில் கிடந்தது. டெல்ஃபினா கதவருகில் இருந்தாள், எக்கி நின்று வலது கையால் தாழ்ப்பாளைப் பற்றியபடி. இடது கை தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது. சாலையைக் கடக்கும்போது பெரியவர் கையைப் பிடித்துக்கொள்கிற உயரம் அது. விரல்கள் மடிந்திருந்தன. மடிந்த விரல்களுக்குள் எதுவும் இல்லை.

"டெல்ஃபி."

"பட்டப்பையன் வந்தாச்சும்மா."

"இல்ல கண்ணு. அது தப்பா வந்துடுச்சு. இப்ப போகக் கூடாது. நில்லு."

"நீதான பண்ணின" என்றாள் டெல்ஃபினா. கோபமே இல்லை குரலில். தாழ்ப்பாள் விலகியது.

வெயில் கத்தி மாதிரி உள்ளே விழுந்தது. யானினா பாய்ந்து குழந்தையை இடுப்போடு சேர்த்து அணைத்துப் பின்னால் இழுத்தாள். இழுத்தபோதுதான் கதவுக்கு வெளியே பார்த்தாள்.

தெருவில் தாழ்ப்பாள்கள் விலகிக்கொண்டிருந்தன. எதிர்வீடு. அதற்கடுத்த வீடு. ரொட்டிக் கடைக்காரர் வீடு. கூச்சல் இல்லை. சைக்கிள் இல்லை, பந்து இல்லை. கதவுகள் மெதுவாகத் திறந்தன, பிள்ளைகள் வெளியே வந்தன. எதிர்வீட்டு இரட்டையர், இரண்டு பேருக்கும் செருப்பில்லை, கொதிக்கிற தார்ச்சாலையில் கால் வைத்து முகம் சுளிக்காமல் நடந்தார்கள். பக்கத்து வீட்டு ரோசாவின் குட்டிப்பெண், அரைக்கால் சட்டையோடு, இப்போதுதான் நடக்கப் பழகியவள், விழாமல் நேராக நடந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கை மேலே. ஒரே உயரத்தில். விரல்கள் மடிந்து. எல்லோரும் தெருக்கோடியைப் பார்த்து. அங்கே தார் முடிந்து மண்சாலை. மண்சாலைக்கு இரண்டு பக்கமும் கரும்பு.

"எந்திரிங்க!" என்று கத்தினாள். "யாராவது எந்திரிங்க! பிள்ளைங்கள பாருங்க! ரோசா! எந்திரி ரோசா!"

வடகாற்று அவள் குரலை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. ஒரு ஜன்னல் பலகை அசையவில்லை. உள்ளே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஏன் தூங்க மாட்டார்கள்? பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருக்கின்றன. பட்டம் வரும்வரை எங்கேயும் போகாது. இந்தத் தெரு மட்டுமா? அடுத்த தெரு. அடுத்த ஊர். மாகாணம் முழுக்க எத்தனை கதவு?

மற்ற பிள்ளைகளை ஓடிப்போய்ப் பிடிக்கலாம். பிடித்தால் இவளை விட வேண்டும்.

விடவில்லை. பாவமோ புண்ணியமோ, விடவில்லை. காலால் கதவை உதைத்துச் சாத்தினாள். அது மூடிக்கொள்ளவில்லை. ஒரு கை அகலத்துக்கு வந்து நின்றது. நடுவில் எதுவும் இல்லை.

தரையில் உட்கார்ந்து டெல்ஃபினாவை மடிக்குள் போட்டுக்கொண்டாள். இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள், முகத்தை அந்தச் சின்னக் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். குழந்தையின் மணம். சோப்பு, பால், வியர்வை. என்னோடுதான் இருக்கிறாள். என் கையில்தான் இருக்கிறாள். கரும்பு ஓரத்தில் மாபெல் பிடித்தாளே. நானும் பிடித்துவிட்டேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல கண்ணு, அம்மா இருக்கேன்."

டெல்ஃபினா திமிறவில்லை. யானினா கீழே பார்த்தாள்.

மடியில் இருந்த குழந்தையின் கால்கள் நடந்துகொண்டிருந்தன. காற்றில். இடது, வலது. இடது, வலது. வெளியே தெருவில் கேட்கிற காலடிகளோடு சேர்ந்து, ஒரே சீராக.

உயர்ந்திருந்த கை இப்போது நேராக, கதவின் இடைவெளியை நோக்கி நீண்டிருந்தது. முழங்கை முறியும் அளவுக்கு இழுபட்டு. யானினாவின் முட்டி தரையோட்டில் வழுக்கியது. ஒரு ஓடு. இன்னொரு ஓடு. மேசைக் காலில் தன் காலைக் கொடுத்துப் பின்னிக்கொண்டாள். மேசையும் நகர்ந்தது.

"விடுடா!" என்றாள். யாரிடம் என்று தெரியாமல். "என் பொண்ணுடா! விடுடா!"

பிடி வியர்வையில் நழுவியது. மறுபடி பற்றினாள். குழந்தையின் மணிக்கட்டுத் தோல் அவள் கண் முன்னால் மெல்ல அமுங்கியது. நான்கு பள்ளங்கள், வெள்ளையாக, சின்னப் பிள்ளையின் விரல் அகலத்தில். அடுத்த பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. அந்தப் பிடி, அவள் பார்க்கப் பார்க்க, இன்னும் கொஞ்சம் வசதியாகப் பிடித்துக்கொள்வதற்காக ஒருமுறை தளர்ந்து, மீண்டும் இறுகியது.